கணினியிலிருந்து புளூடூத் இணைப்பு: கடற்கரை ஊர்க் கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் கரையோரத்தில், தொண்டி முதல் மூக்கையூர் வரை, கணினி வைத்துத் தொழில் செய்யும் இடங்களில் புளூடூத் கருவிகள் பெருகிவிட்டன. மண்டபம், பாம்பன் பக்கத்து நண்டு, கணவாய்க் கம்பெனிகளில் பில் பிரிண்டரும் எலெக்ட்ரானிக் தராசும் இருக்கின்றன. கீழக்கரை வீடுகளில் வளைகுடாவில் இருப்பவர்களோடு பேசுவதற்கு ஹெட்செட் இருக்கிறது. கைபேசியில் எடுத்த படங்களைக் கணினிக்கு மாற்றவும், மின்சாரம் போன நேரத்தில் கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கவும் இதே புளூடூத் உதவுகிறது. ஆனால் கருவியின் பெயர் திரையில் தெரிந்துவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவதால், அதற்குப் பிறகு வரும் தொல்லைகளுக்குக் காரணம் புரியாமல் பலர் பிரிண்டரையோ கணினியையோ குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை எந்தக் கட்டத்தில் எழுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், கடைக்கு ஆள் கூப்பிடாமல் நாமே சரிசெய்துகொள்ள முடியும்.

இணைப்பில் மூன்று கட்டங்கள் உண்டு

புளூடூத் என்பது 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களில் இயங்கும் குறுந்தொலைவு வானொலித் தொடர்பு. உரிமம் பெறாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய இந்தப் பகுதியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இயங்குகிறது. நெரிசலைச் சமாளிப்பதற்காக, வழக்கமான புளூடூத் 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1600 முறை தாவித் தாவித் தகவலை அனுப்புகிறது. 2010-இல் வெளிவந்த 4.0 பதிப்போடு, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் இன்னொரு வகையும் சேர்ந்தது. அது 40 தடங்களைக் கொண்டது. மணிக்கட்டில் அணியும் கைப்பட்டைகளும் சிறு உணரிகளும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டு வகைகளும் ஒரே பெயரில் வழங்கினாலும், ஒன்றை மட்டும் அறிந்த கருவி மற்றொன்றோடு பேசாது. பழைய விண்டோஸ் 7 கணினியில் புதிய சிறு கருவிகள் சேராமல் போவதற்கு இதுவே முதன்மையான காரணம். குறைந்த மின்சார வகைக்கான ஆதரவு விண்டோஸ் 8-இல்தான் தொடங்கியது.

எந்தக் கருவியானாலும் இணைப்பு மூன்று கட்டமாக நடக்கிறது. முதலாவது, கணினி அந்தக் கருவியைக் கண்டறிவது. இரண்டாவது, இரண்டும் ஒன்றையொன்று நம்புவதற்கான இரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது. பேரிங் என்று நாம் சொல்வது இதைத்தான். மூன்றாவது, எந்த வேலைக்காக இணைகிறோமோ அந்தச் சேவையைத் திறப்பது. ஹெட்செட்டுக்கு ஒலிச் சேவை, கீபோர்டுக்கு உள்ளீட்டுச் சேவை, பிரிண்டருக்கும் தராசுக்கும் தகவலை வரிசையாக அனுப்பும் தொடர்முனையச் சேவை, கோப்பு அனுப்ப ஒரு சேவை, இணையம் பகிர வேறொரு சேவை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. முதல் இரண்டு கட்டங்களும் சரியாக நடந்து மூன்றாவது நடக்காவிட்டால், கருவி பட்டியலில் இருக்கும். வேலை மட்டும் நடக்காது. அதனால், எதற்காக இணைக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு தொடங்குவது நல்லது.

கணினியில் புளூடூத் இருக்கிறதா என்று பார்த்தல்

மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருக்கும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருக்காது. ஸ்டார்ட் பொத்தானின் மீது வலது சொடுக்குச் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், புளூடூத் என்ற தலைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். தலைப்பு இருந்து, அதன் கீழுள்ள பெயரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கோளாறு. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை நிறுவ வேண்டும். தலைப்பே இல்லையென்றால், ஏரோபிளேன் மோடு இயக்கத்தில் இருக்கிறதா, கீபோர்டில் வயர்லெஸ் அணைக்கும் விசை அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு யுஎஸ்பி டாங்கிள் ஒன்றை, அதாவது யுஎஸ்பி முனையத்தில் செருகிப் புளூடூத் பெறும் சிறு கருவியை, வாங்கிக்கொள்ளலாம். விலை அதிகமில்லை. 5.0 பதிப்பு டாங்கிள் பழைய ஹெட்செட்டோடும் பேசும் என்பதால் பதிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

டாங்கிள் செருகுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினியில் புளூடூத் வேலையைச் செய்யும் பாகத்துக்கு அடாப்டர் என்று பெயர்; டாங்கிளும் ஓர் அடாப்டரே. விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் அடாப்டரை மட்டுமே பயன்படுத்தும். மடிக்கணினியின் உள் அடாப்டர் சரியாக இயங்காததால் டாங்கிள் செருகுகிறீர்கள் என்றால், உள்ளே இருப்பதை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்த பிறகே செருக வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு எதுவும் சரியாக வேலை செய்யாது. வைஃபை கார்டோடு வந்த மேசைக் கணினிகளில் இன்னொரு பிழை அடிக்கடி காணப்படுகிறது. பின்புறம் திருகி மாட்ட வேண்டிய சிறிய ஆன்டெனாக்கள் பெட்டியிலேயே கிடக்கும். வைஃபைக்கும் புளூடூத்துக்கும் அவையே பொதுவானவை என்பதால், அவை இல்லாமல் மேசைக்கு அப்பால் உள்ள கருவி கூட எட்டாது.

எதிர்முனைக் கருவியைத் தயார் செய்தல்

கணினியைத் தொடுவதற்கு முன் கருவியைக் கவனியுங்கள். போதிய சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். கருவியை இயக்கி வைப்பது மட்டும் போதாது. பேரிங் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஹெட்செட்டில் பவர் பொத்தானைச் சில நொடிகள் தொடர்ந்து அழுத்தினால் விளக்கு இரு நிறங்களில் மாறி மாறி மின்னும் அல்லது குரல் அறிவிப்பு வரும். கீபோர்டில் அதற்கென்று தனி விசை இருக்கும். பில் பிரிண்டர்களும் தராசுகளும் பெரும்பாலும் இயக்கியவுடனே கண்டறியத்தக்க நிலையில் இருக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு பில் பிரிண்டர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே கருவியோடுதான் பேசும். காலையில் கொள்முதலுக்குச் சென்ற பையன் தன் கைபேசியில் அதை இணைத்துப் பில் அடித்திருப்பான். அந்தச் செயலி பின்னணியில் திறந்தே இருக்கும். பக்கத்தில் நிற்கும் வரை அந்தக் கைபேசி பிரிண்டரைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கணினியில் எத்தனை முறை தேடினாலும் அந்தப் பிரிண்டர் வராது. எனவே, முன்பு இணைந்திருந்த எல்லாக் கைபேசிகளிலும் புளூடூத்தை அணைத்துவிட்டுத் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

விண்டோஸில் பேரிங் செய்யும் முறை

விண்டோஸ் விசையையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸ் 11-இல் இடப்பக்கம் உள்ள 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, புளூடூத்தை ஆன் செய்து, 'ஆட் டிவைஸ்' என்பதை அழுத்தி, தோன்றும் பட்டியலில் மேலே உள்ள 'புளூடூத்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 'டிவைசஸ்' என்ற பகுதிக்குள் 'ஆட் புளூடூத் ஆர் அதர் டிவைஸ்' என்று அதே வழி இருக்கும். சில நொடிகளில் அருகிலுள்ள கருவிகளின் பெயர்கள் வரும். உங்களுடையதை அழுத்துங்கள்.

அதன் பிறகு வருவது கருவிக்குக் கருவி வேறுபடும். கைபேசியானால் இரண்டு திரைகளிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று உண்மையாகவே பார்த்த பிறகு இரு பக்கமும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். இந்த முறை 2007-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து நடைமுறையில் உள்ளது. நடுவில் வேறு யாரும் புகுந்து ஏமாற்றாமல் இருக்கவே எண்ணை ஒப்பிடச் சொல்கிறார்கள். கீபோர்டானால் திரையில் காட்டும் எண்ணை அந்தக் கீபோர்டிலேயே தட்டி என்டர் அழுத்த வேண்டும். பழைய வகைப் பிரிண்டரும் தராசும் பின் எண் கேட்கும்; கையேட்டில் வேறு எண் இல்லையென்றால் 0000 அல்லது 1234 என்பதை முயன்று பாருங்கள். ஹெட்செட் எதுவும் கேட்காமலே சேர்ந்துவிடும்.

பிரிண்டர், தராசு, சிறு உணரிக் கருவிகள் பட்டியலில் வரவே இல்லை என்றால், பழுதென்று முடிவு கட்டுவதற்கு முன் ஓர் அமைப்பைப் பாருங்கள். விண்டோஸ் 11, தேடலின்போது ஹெட்செட், கீபோர்டு போன்ற பொதுவான வகைகளை மட்டுமே இயல்பாகக் காட்டி, மற்றவற்றை மறைத்துவிடுகிறது. 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்பதன் உள்ளே 'டிவைசஸ்' பக்கத்தைத் திறந்து கீழே வந்தால், 'புளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி' என்ற அமைப்பு 'டீஃபால்ட்' என்று இருக்கும். அதை 'அட்வான்ஸ்டு' என்று மாற்றிவிட்டு மீண்டும் தேடினால், காணாமல் போயிருந்த தராசு வந்து நிற்கும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே கடைகளில் பலமுறை கணினியை ஃபார்மட் செய்திருக்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

கைப்பட்டை போல, தனக்கென்று செயலி உள்ள குறைந்த மின்சார வகைக் கருவிகளை இந்தப் பக்கத்தில் சேர்க்க முயல வேண்டியதில்லை. அவற்றுக்குரிய செயலி தானே தேடிச் சேர்த்துக்கொள்ளும்.

பில் பிரிண்டரையும் தராசையும் வேலை செய்ய வைத்தல்

நம் கரையில் மிகுதியான குழப்பம் இந்தப் பகுதியில்தான். மண்டபத்தில் நண்டுக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் தொலைபேசியில், "தம்பி, பிரிண்டர் பேரு காட்டுது, ஆனா 'பேர்டு'ன்னுதான் நிக்குது, 'கனெக்டட்'டுன்னு வரவே மாட்டேங்குது" என்றார். "அண்ணே, அது அப்படித்தான் நிக்கும். நீங்க பில்லை அடிச்சுப் பாருங்க" என்பதுதான் அதற்குச் சரியான பதில். ஹெட்செட்டும் மவுஸும் இயங்கும்போதெல்லாம் இணைப்பில் இருப்பவை. தொடர்முனையச் சேவையில் இயங்கும் பிரிண்டரும் தராசும் அப்படியல்ல, மென்பொருள் ஒன்று அவற்றின் முனையத்தைத் திறக்கும் நொடியில்தான் இணைப்பு உண்டாகும், மூடியவுடன் அறுந்துவிடும். ஆகவே 'பேர்டு', அதாவது பேரிங் முடிந்தது, என்று நிற்பது பிழையல்ல.

அந்த முனையத்துக்குக் காம் போர்ட் என்று பெயர். பழைய கணினிகளின் பின்புறம் ஒன்பது ஊசிகளோடு இருந்த தொடர்முனையத்தைப் போலவே மென்பொருளுக்குத் தோன்றும் ஒரு கற்பனை முனையம் இது. பேரிங் முடிந்ததும் விண்டோஸ் பெரும்பாலும் இரண்டு காம் போர்ட்களைத் தானாகவே உருவாக்கிவிடும். அவற்றைக் காண, 'டிவைசஸ்' பக்கத்தின் அடியிலுள்ள 'மோர் புளூடூத் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து 'காம் போர்ட்ஸ்' என்ற தாவலுக்குச் செல்ல வேண்டும். ஒன்று 'இன்கமிங்' என்றும் மற்றொன்று 'அவுட்கோயிங்' என்றும் இருக்கும். கணினி தானாகச் சென்று கருவியை அழைப்பதற்கானது அவுட்கோயிங். கருவி வந்து கணினியை அழைக்கும் வரை காத்திருப்பது இன்கமிங். பில் பிரிண்டருக்கும் தராசுக்கும் நமக்கு வேண்டியது அவுட்கோயிங் மட்டுமே. அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் எதுவும் இல்லையென்றால் 'ஆட்' என்பதை அழுத்தி, அவுட்கோயிங் என்பதைத் தேர்ந்தெடுத்து, கருவியைச் சுட்டிக்காட்டி உருவாக்கிக்கொள்ளலாம்.

பில்லிங் மென்பொருளில் தவறுதலாக இன்கமிங் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஏற்படும் நிலை சற்று வஞ்சகமானது. மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது. முனையம் திறந்துவிட்டது என்றே சொல்லும். காகிதம் மட்டும் வராது. அவுட்கோயிங் எண்ணில், பிரிண்டர் அணைந்திருந்தால் சில நொடிகள் கழித்துப் பிழைச் செய்தி வரும். எனவே பிழைச் செய்தி வருவது ஒரு வகையில் நல்ல அடையாளம். சரியான எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம் என்பதை அது உறுதிசெய்கிறது. ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பில்லிங் மென்பொருள் திறந்திருக்கும்போது வேறொன்றில் சோதித்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும்.

விண்டோஸின் வேர்டு, எக்செல் போன்றவற்றிலிருந்தும் அச்சிட வேண்டும் என்றால், பிரிண்டர் நிறுவனம் தரும் டிரைவரை நிறுவி, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' தாவலில் அந்த அவுட்கோயிங் காம் எண்ணில் குறியிட வேண்டும். காகித அகலத்தையும் அங்கேயே சரியாகக் கொடுக்க வேண்டும். 58 மில்லிமீட்டர் காகிதத்தில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர்தான்; மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்ற கணக்கில் வரிக்கு 384 புள்ளிகள். 80 மில்லிமீட்டர் காகிதத்தில் 72 மில்லிமீட்டரும் 576 புள்ளிகளும். பெரிய காகிதத்துக்கான அமைப்பில் சிறிய காகிதத்தை மாட்டினால், தொகை அச்சாக வேண்டிய வலது ஓரம் வெட்டுப்பட்டுப் போகும்.

தமிழில் பில் அடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மீனின் பெயர் தமிழில் இருந்தால் காகிதத்தில் கேள்விக்குறிகளும் புரியாத குறிகளும் வருவதாகச் சொல்கிறார்கள். இதற்கும் புளூடூத்துக்கும் தொடர்பில்லை. இந்த வகைப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தை எழுத்தாக அனுப்பினால் அதற்குப் புரியாது. விண்டோஸ் டிரைவர் வழியாக அனுப்பும்போது எழுத்து, படமாக மாறிச் செல்வதால் 'வாளைமீன்' வாளைமீனாகவே அச்சாகிறது. காம் போர்ட்டுக்கு நேரடியாக அனுப்பும் பில்லிங் மென்பொருளானால், அதில் படமாக அச்சிடும் வசதி இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுங்கள். படமாகச் செல்லும்போது அச்சு கொஞ்சம் மெதுவாகும், அது இயல்புதான்.

தராசின் செய்தி இன்னும் எளியது. புட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அவுட்கோயிங் காம் எண்ணைக் கொடுத்துத் திறந்தால், தட்டில் ஒரு பொருளை வைத்ததும் எடை எண்கள் வரிசையாக ஓடுவதைக் காணலாம். சில தராசுகள் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். சில, தராசில் உள்ள பிரிண்ட் பொத்தானை அழுத்தினால்தான் அனுப்பும். எண்களுக்குப் பதில் குப்பையான குறிகள் வந்தால், தராசுக்கும் அதன் உள்ளிருக்கும் புளூடூத் பலகைக்கும் இடையிலான வேகம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கணினியில் வேகத்தை மாற்றிப் பயனில்லை. அதைத் தராசு விற்றவர்தான் சரிசெய்ய வேண்டும். புளூடூத் இல்லாத பழைய தராசைத் திறந்து பலகை பொருத்தித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி வணிகத் தராசு முத்திரையிடப்பட்டது. முத்திரையை உடைத்துத் திறந்தால் மறுபடி சரிபார்த்து முத்திரை பெறாமல் அதில் வியாபாரம் செய்ய முடியாது.

கைபேசிக் கோப்புகளும் இணையமும்

ஆண்ட்ராய்டு கைபேசியிலிருந்து படத்தைக் கணினிக்கு அனுப்ப, பேரிங் முடிந்திருப்பது மட்டும் போதாது. கணினி வாங்கிக்கொள்ளத் தயாராகக் காத்திருக்க வேண்டும். கடிகாரத்துக்கு அருகிலுள்ள புளூடூத் குறியில் வலது சொடுக்குச் செய்து 'ரிசீவ் எ ஃபைல்' என்பதைத் திறந்து வைத்த பிறகே கைபேசியில் பகிர்வு பொத்தானை அழுத்த வேண்டும். இந்த வரிசை மாறினால் கைபேசி, அனுப்ப முடியவில்லை என்று சொல்லிவிடும். கணினியிலிருந்து கைபேசிக்கு அனுப்ப அதே இடத்தில் 'சென்ட் எ ஃபைல்' உள்ளது. ஐஃபோன் இந்த வகைக் கோப்புப் பரிமாற்றத்தை ஏற்பதில்லை. அதற்குக் கேபிளே நேர்வழி.

வேகத்தைப் பற்றி அதிகமாக எதிர்பார்க்க வேண்டாம். வழக்கமான புளூடூத்தில் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் உச்ச வேகமே நொடிக்கு ஏறத்தாழ 2.1 மெகாபிட். 100 மெகாபைட் வீடியோ ஒன்று, எல்லாம் நன்றாக இருந்தாலும், ஆறு நிமிடத்துக்குக் குறையாமல் எடுக்கும். ஓரிரண்டு படங்களுக்கும் பில் கோப்புகளுக்கும் புளூடூத் போதும். கல்யாண வீடியோவுக்குக் கேபிள்தான்.

இணையம் பகிர்வதற்கு, கைபேசியின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'புளூடூத் டெதரிங்' என்பதை ஆன் செய்துவிட்டு, கணினியில் அந்தக் கைபேசியின் பெயருக்கு அருகிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'பர்சனல் ஏரியா நெட்வொர்க்' என்பதில் சேர்ந்து, 'ஆக்செஸ் பாயின்ட்' வழியாக இணைய வேண்டும். வைஃபை ஹாட்ஸ்பாட்டை விட மெதுவானது என்றாலும், கைபேசியின் பேட்டரியை மிகக் குறைவாகவே தின்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கையோடு மின்சாரமும் போய்விடும் நாட்களில், ஒரு மின்னஞ்சலோ வங்கிப் பரிமாற்றமோ செய்து முடிக்க இந்த வழி கைகொடுக்கும்.

ஹெட்செட்டில் குரல் மங்குவது ஏன்

பாட்டு கேட்கும்போது தெளிவாக இருந்த ஹெட்செட், அழைப்பு தொடங்கியதும் பழைய தொலைபேசி போல ஒலிப்பதாகப் பலர் சொல்வார்கள். கேட்பதற்கு மட்டுமான ஒலிச் சேவை வேறு. கேட்கவும் பேசவும் சேர்ந்த சேவை வேறு. மைக்கைப் பயன்படுத்தும் நொடியில் கணினி இரண்டாவதற்கு மாறிவிடுகிறது. அதில் ஒலியின் தரம் குறைவு. ஹெட்செட் பழுதல்ல. மடிக்கணினியின் உள் மைக்கைப் பேசுவதற்கும், ஹெட்செட்டைக் கேட்பதற்கு மட்டும் என்றும் ஒலி அமைப்பில் தேர்ந்தெடுத்துக்கொண்டால் தெளிவு திரும்பிவிடும்.

லினக்ஸும் மேக்கும்

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் புளூடூத் பக்கத்தைத் திறந்து, பெயருக்கு அருகில் உள்ள கனெக்ட் பொத்தானை அழுத்தினால் போதும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளிலும் செட்டிங்ஸ் பக்கம் அதே போன்றதே. பிரிண்டர் போன்றவற்றில் அது தடுமாறினால், டெர்மினலில் 'புளூடூத்சிடிஎல்' கட்டளையை இயக்கி, ஸ்கேன், பேர், டிரஸ்ட், கனெக்ட் என்ற வரிசையில் செல்ல வேண்டும். டிரஸ்ட் என்ற படியை விட்டுவிட்டால், அடுத்த முறை கருவி தானாக வந்து சேர முயலும்போது மீண்டும் அனுமதி கேட்டு நிற்கும்.

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸும் பாஸ் என்ற லினக்ஸ் வகையும் ஒன்றாக இருந்தன. அதுபோல இரண்டு இயங்குதளங்களை ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள், விண்டோஸில் சேர்த்த ஹெட்செட்டை லினக்ஸில் சேர்த்தால், திரும்ப விண்டோஸுக்கு வரும்போது இணையவில்லை என்று திகைப்பார்கள். அடாப்டரின் முகவரி ஒன்றே. ஆனால் இரகசியச் சாவியை இரண்டு இயங்குதளங்களும் தனித்தனியே வைத்துக்கொள்கின்றன. ஹெட்செட் கடைசியாக உருவான சாவியை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். ஏதேனும் ஒரு தளத்தில் மட்டும் அந்தக் கருவியைப் பயன்படுத்துவதே எளிய வழி.

இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால்

முதலில் சாவியைப் புதுப்பியுங்கள். கணினியில் 'ரிமூவ் டிவைஸ்' செய்து, கருவியிலும் அதன் பழைய நினைவை அழித்து, பிறகு புதிதாகப் பேரிங் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மறுபக்கம் பழைய சாவியையே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் சுற்றுப்புறத்தைப் பாருங்கள்.

சாதாரணக் கருவிகளில் பெரும்பாலானவை 2.5 மில்லிவாட் ஆற்றலில் இயங்குபவை. திறந்த வெளியில் ஏறத்தாழ 10 மீட்டர் அவற்றின் எல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் நன்றாக உறிஞ்சும். கொள்முதல் கொட்டகையில் ஐஸும் நண்டும் நிறைந்த பெட்டிகளை மேசைக்கும் தராசுக்கும் இடையில் ஆளுயரத்துக்கு அடுக்கினால், காலையில் வேலை செய்த தராசு, வரத்து மிகுந்த நேரத்தில் திணறுவதில் வியப்பில்லை. தகரக் கூரையும் இரும்பு அலமாரியும் அலைகளைத் திருப்பி எறியும். கணினிப் பெட்டி மேசைக்கடியில் பின்பக்கம் திரும்பி நிற்க, டாங்கிள் அதன் பின்னால் செருகப்பட்டிருந்தால் இரும்புப் பெட்டியே பெரும் தடை.

டாங்கிளுக்கு அருகில் உள்ள யுஎஸ்பி 3.0 முனையத்தில் ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் அதுவும் தொல்லை தரும். அந்த முனையமும் கேபிளும் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் கலந்துவிடுவதை 2012-இல் இன்டெல் நிறுவனம் அறிக்கையாகவே வெளியிட்டது. அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் ஒன்றை வாங்கி, டாங்கிளை மேசையின் மேல், தராசின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தால் மேற்சொன்ன தடைகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் விலகும். இந்த வழிகாட்டியில் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுவே. வைஃபை ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் தருமானால் கணினியை அதற்கு மாற்றிவிடுவதும் நெரிசலைக் குறைக்கும்.

உப்புக்காற்றைச் சொல்லாமல் விட முடியாது. டாங்கிளின் பித்தளை நிறத் தகடுகளில் பச்சை படிந்து, கணினி அதை அடிக்கடி விட்டுவிட்டுப் பிடிக்கும்; செருகும்போது எழும் ஒலி மீண்டும் மீண்டும் கேட்டால் இதுதான் காரணம் என்று கொள்ளலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டுச் செருகுங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் இணைப்பு அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில், மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

உங்களைக் கேட்காமல் வரும் பேரிங் வேண்டுகோள் எதையும் ஏற்காதீர்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில் இது அடிக்கடி வரும். விண்டோஸின் புளூடூத் பக்கம் திறந்திருக்கும் நேரத்தில்தான் கணினி மற்றவர்களுக்குத் தெரியும் என்பதால், வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பின் எண்ணை மாற்றும் வசதி பிரிண்டரில் இருந்தால் 1234-ஐ மாற்றிவிடுவது நல்லது. பழைய கணினியை விற்கும் முன் எல்லாக் கருவிகளையும் ரிமூவ் செய்யுங்கள்.

விசைப்படகுகளை நம்பி நடக்கும் கம்பெனிகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பிரிண்டரும் தராசும் சும்மா கிடக்கும். முழுவதும் தீர்ந்த நிலையில் லித்தியம் பேட்டரியை அத்தனை நாள் வைத்தால் அது மறுபடி சார்ஜ் ஏறாமலே போகக்கூடும். பாதி சார்ஜோடு அணைத்து, உறையில் போட்டு, கடற்காற்று படாத இடத்தில் வைத்து, மே மாதத்தில் ஒருமுறை சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். தடை முடிவதற்கு முந்தைய வாரத்தில் கணினியில் விண்டோஸ் அப்டேட்டை முடித்துவிட்டு, காம் எண் மாறியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு சோதனைப் பில் அடித்துக்கொண்டால், படகு கரை சேரும் நேரத்தில் கைக்கணக்கு எழுத வேண்டியிருக்காது.